வினிஃப்ரெட்டுக்குக் கழுத்தளவுத் தண்ணீர்

கிரகோரி கேட்டது ஒரு குழி. ஊருக்கு நடுவிலோ சாலை ஓரத்திலோ அல்ல. மலேசியாவின் கோத்தா திங்கியில், தன் சொந்த வீட்டின் பின்பக்கம், தானே நட்டு தானே வெட்டிப்போட்ட ரம்புத்தான் மரம் நின்ற இடத்தில். அந்தக் குழியில் கழுத்தளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். யார் கழுத்து என்பதிலும் குழப்பமே கிடையாது. அவர் மனைவி வினிஃப்ரெட்டின் கழுத்து.

வினிஃப்ரெட்டுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து போயிருந்தன. பாலர் பள்ளியில் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து எழுந்து உழைத்த முழங்கால்கள். "தண்ணீக்குள்ள நடங்க ஆன்ட்டி. கழுத்து வரைக்கும் தண்ணீ இருந்தா உங்க எடை முழங்காலுக்கே தெரியாது. தினமும் நடந்தா கால் பலமாயிடும்," என்று மருத்துவமனையில் பிசியோ பெண் சொல்லிவிட்டாள். பக்கத்து ஊர் ஓட்டல் குளத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கே இறங்குவதற்குச் செங்குத்தான இரும்பு ஏணி. வினிஃப்ரெட் அதைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், காருக்குத் திரும்பிவிட்டாள்.

வலியைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஞாயிற்றுக்கிழமைதான். திருப்பலியில் எல்லாரும் வரிசையாகப் போய் நற்கருணை வாங்கும்போது, அவளுக்கு மட்டும் நற்கருணைப் பணியாளர் திமோத்தி இருக்கைக்கே கொண்டு வந்து கொடுப்பார். திமோத்தி நல்ல மனிதர். ஆனால் அவர் படியிறங்கி நடந்து வருகிற அந்த நேரம் முழுக் கோயிலும் திரும்பி அவளைப் பார்க்கும். இளம் வயதில் அந்த வரிசையில் அவளுக்குப் பின்னால் நிற்பதற்காகவே கிரகோரி இடம் மாறி மாறி உட்கார்ந்தவர். அந்த வரிசையில்தான் அவள் காதோரத்து மச்சத்தை அவர் முதன்முதலில் பார்த்தார்.

"நான் மறுபடியும் வரிசையில போகணுங்க," என்று ஒரு நாள் அவள் சொன்னாள். "அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேணாம்."

ஆகவே குழி.

கட்டட வரைபடக்காரி பிரேமளா இரண்டே தாளில் அழகாக ஒரு சின்ன நீச்சல் குளம் வரைந்து கொடுத்தாள். ஒரு பக்கம் இடுப்பளவு. மெல்லச் சரிந்து போய் மறுபக்கம் ஒரு மீட்டர் முப்பது. அகலப் படிகள், இரு பக்கமும் கைப்பிடி.

"ஆழமான பக்கம்னு எழுதியிருக்கேன் அங்கிள். ஆன்ட்டி பாத்து பயந்துடப் போறாங்க."

"அவ பயப்படமாட்டா. அவ பயப்படற ஒரே பக்கம் கோயில்ல முன்பக்கம்," என்றார் கிரகோரி.

பயந்தது, அனுமதி தர வேண்டிய நகராண்மைக் கழகம்.

கட்டடப் பிரிவில் ராஜசேகரன் என்கிற அதிகாரி இருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, சட்டைப் பையில் இன்னொரு அடையாள அட்டை. வரைபடத்தை விரித்தவர், இடுப்பளவுப் பக்கத்தைப் பாசத்தோடு பார்த்தார். ஆழமான பக்கத்துக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது.

"அங்கிள், இதோட தரை எங்க இருக்கு?"

"கீழ," என்றார் கிரகோரி. வேறு எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.

"அதான் பிரச்சினை. நம்ம ஊர் வெள்ளம் வர்ற ஊரு. புதுசா எது கட்டினாலும் அதோட தரை வெள்ள மட்டத்துக்கு மேல இருக்கணும். உங்க இடத்துல வெள்ள மட்டம் மார்பு உயரம். உங்க குளத்துக்குத் தரை இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்ப அந்தத் தரை மார்பு உயரத்துக்கு மேல வரணும்."

பிரேமளா பொறுமையாக முன்னால் நகர்ந்தாள். "சார், குளத்துக்குள்ள வெள்ளம் வந்தா என்ன சார் ஆகும்? அதுல ஏற்கெனவே தண்ணீதானே இருக்கு?"

ராஜசேகரன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "மிஸ், வெள்ளத் தண்ணீ வேற, குளத்துத் தண்ணீ வேற. வெள்ளத் தண்ணீ வடிகால் பிரிவு. குளத்துத் தண்ணீ கட்டடப் பிரிவு. ரெண்டும் கலந்துட்டா யாரு கையெழுத்துப் போடறது?"

பிரேமளாவுக்குப் பல்கலைக்கழகத்தில் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

புதிய வரைபடத்தில் குளம் தூண்கள் மேல் ஏறி நின்றது. ஆழமான பக்கத்தின் தரை மார்பு உயரத்தில். அதற்கு மேல் கழுத்தளவுத் தண்ணீர். விளிம்பு வீட்டின் கூரையைத் தொட்டது. அவ்வளவு உயரத்தில் நீர் நிற்பதால் இடிதாங்கி. இடிதாங்கி இருப்பதால் எச்சரிக்கை விளக்கு. வினிஃப்ரெட் படியேற முடியாதவள் என்பதால் சரிவுப் பாதை. சரிவு விதிப்படி மெதுவாக ஏற வேண்டும் என்பதால் அந்தப் பாதை குளத்திலிருந்து புறப்பட்டு, சமையலறையைத் தாண்டி, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, கார் நிறுத்துமிடத்தில் வந்து இறங்கியது.

வினிஃப்ரெட் கண்ணாடி போட்டு அதை உற்றுப் பார்த்தாள். "என்னங்க, இதுல நடந்து மேல போய்ச் சேர முடிஞ்சா, எனக்கு எதுக்குங்க குளம்?"

தூண்களுக்கு இடம் பார்க்க ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போனதும் பக்கத்து வீட்டு ராஜம்மா வேலி ஓரம் வந்தார். "என்ன கிரகோரி, கோயில் கட்டறீங்களாமே? எந்தச் சாமிக்கு? மாதாவுக்குன்னா நானும் ஒரு மாலை போடறேன்."

"குளம்க்கா."

ராஜம்மா கூரையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "மேலயா?" என்றார். பிறகு ஒன்றும் கேட்காமல், கொடியில் காய்ந்த துணிகளை வேகமாக எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்தபடியாக, இடத்தைப் பார்வையிட ஒரு குழு வந்தது. நகராண்மைக் கழகத்தில் தனியாக வருவது என்ற பழக்கம் கிடையாது. நான்கு வண்டிகளில் வந்தார்கள். முதல் வண்டியிலிருந்து இறங்கியது ஒரு பதாகை. இரண்டாவதிலிருந்து ஒலிபெருக்கி. மூன்றாவதிலிருந்து தட்டுத் தட்டாகக் கறிபாப் பலகாரம். அதிகாரிகள் நான்காவதில் இருந்தார்கள். 'ஆழமான பக்கத்தைப் பாதுகாப்போம்' என்ற பதாகையை வினிஃப்ரெட்டின் துணிக் கொடியில் கட்டினார்கள். அவள் தடியை ஊன்றிக்கொண்டு எல்லாருக்கும் மைலோ கலக்கப் போனாள். வீட்டுக்கு வந்தவர்களை நிற்கவைத்துப் பேசுவது அவள் பழக்கமில்லை.

இயக்குநர் தேவானந்தன் ஒலிவாங்கியைப் பிடித்தார். கேட்பதற்கு அவருடைய ஆட்களைத் தவிர கிரகோரியும் பிரேமளாவும் வேலிக்கு அந்தப் பக்கம் ராஜம்மாவும்தான் இருந்தார்கள். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

"மதிப்பிற்குரிய துணை இயக்குநர் அவர்களே, மதிப்பிற்குரிய பிரிவுத் தலைவர்களே, பிரிவுத் தலைவர்களின் மதிப்பிற்குரிய உதவியாளர்களே, வீட்டின் மதிப்பிற்குரிய உரிமையாளரே, வேலியின் மறுபக்கத்து மதிப்பிற்குரிய அம்மா அவர்களே!"

ராஜம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"நீச்சல் குளப் பாதுகாப்பில் நம் கழகம் படைத்திருக்கும் சாதனையை யாரும் முறியடிக்க முடியாது. நம் எல்லைக்குள் நாம் அனுமதித்த எந்த நீச்சல் குளத்திலும் இதுவரை ஓர் உயிர்கூடப் போனதில்லை. இது எப்படிச் சாத்தியமாயிற்று? நாம் இதுவரை எந்த நீச்சல் குளத்தையும் அனுமதித்ததில்லை. இந்தச் சாதனையைக் காப்பாற்றிக்கொண்டே இந்த ஐயாவுக்கு எப்படி உதவலாம் என்பதுதான் இன்றைய சவால்!"

கைதட்டினார்கள். பிறகு ஒவ்வொரு பிரிவும் உதவியது.

சுகாதாரப் பிரிவு அர்ச்சுனன் சொன்னார்: "தண்ணீ தேங்கினா கொசு. கொசு வந்தா டெங்கி. அதனால எங்க பிரிவைப் பொறுத்தவரைக்கும் குளத்துல தண்ணீ நிக்கக் கூடாது. வந்த தண்ணீ வந்தபடி வெளிய போயிடணும். தண்ணீ இல்லாம குளம் இருந்தா எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்ல. முழு ஆதரவு."

ராஜசேகரன் சொன்னார்: "ஆழமான பக்கத்துலதான் ஆளுங்க மூழ்கறாங்க. அதனால ஆழமான பக்கத்தோட ஆழம் ஒரு சராசரிக் குடிமகன் நின்னா கணுக்காலைத் தாண்டக் கூடாது."

"அப்ப அது ஆழமான பக்கம் இல்லையே தம்பி," என்றார் கிரகோரி.

"பேரை மாத்த வேணாம் அங்கிள். பேரு அனுமதிக்குப் போயிடுச்சு. பேரு இருக்கட்டும். ஆழத்தை மட்டும் எடுத்துடலாம்."

"அப்ப இடுப்பளவுப் பக்கம்?" என்று பிரேமளா கேட்டாள்.

"அதுல யாரும் புகார் கொடுக்கலையே. அது அப்படியே இருக்கட்டும்."

"சார், அப்ப ஆழமில்லாத பக்கம் இடுப்பளவு, ஆழமான பக்கம் கணுக்காலளவா?"

ராஜசேகரன் கொஞ்சம் யோசித்தார். "அலமாக், ஆமால்ல. அப்ப ரெண்டையும் கணுக்கால்னு போட்டுடுங்க. சமமா இருக்கும்லா."

கடைசியில் எல்லாரும் பதாகைக்கு முன்னால் வரிசையாக நின்று, இடது நெஞ்சில் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தின் நடுவில் கிரகோரி நின்றார். கையில் ஒரு கறிபாப்பையும் யாரோ திணித்திருந்தார்கள். நெஞ்சில் வைக்க வேண்டிய கை அது என்பதால், படத்தில் அவர் கறிபாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார்.

நகராண்மைக் கழகம் சிரிப்புக்கிடமானது என்பது கிரகோரிக்கும் தெரியும். ஆனால் முழங்கால் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஈரமான காலைகளில் வினிஃப்ரெட் கட்டிலிலிருந்து எழுந்து நிற்கவே அவர் தோள் வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை, ஞாயிறுக்கு அவள் எப்போதும் எடுத்து மாட்டி வைக்கும் சேலையை எடுக்கவில்லை.

"இனிமே டிவியிலயே பூசை பாத்துக்கிறேங்க. நீங்க போயிட்டு வாங்க. பாவம் திமோத்தி, அவருக்கும் வயசாகுது. எனக்காக எதுக்கு இறங்கி ஏறணும்."

இதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு கிரகோரியால் அங்கே உட்கார முடியவில்லை. வெளியே போய், ரம்புத்தான் மரம் நின்ற இடத்தில் சும்மா நின்றார். ஒரு மண்வெட்டி எடுத்துத் தானே தோண்டிவிடலாமா என்றுகூட நினைத்தார். அந்த நேரம் பார்த்து வேலிக்கு மேல் ராஜம்மாவின் தலை தெரிந்தது. நினைப்பதை நிறுத்திக்கொண்டார்.

அனுமதி கிடைத்துவிட்டது என்று அழைப்பு வந்தபோது அவருக்குப் போகவே மனமில்லை. பிரேமளாதான் இழுத்துக்கொண்டு போனாள்.

"வாழ்த்துகள் அங்கிள்!" என்று ராஜசேகரன் எழுந்து கைகொடுத்தார். "நம்ம வரலாற்றுலயே முதல் நீச்சல் குளம். மார்பு உயரத்துல, கணுக்கால் ஆழத்துல, தண்ணீ நிக்காத குளம். எல்லாப் பிரிவும் ஒத்துக்கிச்சு."

"நன்றி," என்றார் கிரகோரி. துக்க வீட்டில் சொல்லும் குரலில் சொன்னார்.

"ஒரே ஒரு சின்ன நிபந்தனை. வடிகால் பிரிவோடது. உங்க குளத்துல தண்ணீ நிக்காம ஓடிக்கிட்டே இருக்கில்ல? அந்தத் தண்ணீ எங்க போகும்? ஊருக்குள்ள விட்டா வெள்ளம். அதனால அதைப் பிடிச்சு வைக்க ஒரு தொட்டி கட்டணும். தேக்கத் தொட்டி."

"இன்னொரு தூணா?" என்றார் கிரகோரி சோர்ந்து போய்.

"சேச்சே. தொட்டி மேல இருந்தா தண்ணீ எப்படி இறங்கும்? பூமிக்குள்ள. ஒரு குழி தோண்டணும்."

பிரேமளாவின் பேனா நின்றது.

"எவ்வளவு ஆழம் சார்?"

"குறைஞ்சது ஒரு மீட்டர் முப்பது. ஆழத்துல மட்டும் வடிகால் பிரிவு விட்டுக்கொடுக்கவே மாட்டாங்க. ரொம்ப கறார்."

"முழுக்க ஒரே ஆழமா?"

"இல்ல, ஒரு பக்கம் இடுப்பளவு இருந்தா போதும். அங்கிருந்து மெதுவா சரியணும். அப்பத்தான் மண்ணு கீழ் பக்கம் போய்ச் சேரும்."

கிரகோரி வாய் திறந்தார். மேசைக்கு அடியில் பிரேமளா அவர் காலை மிதித்தாள். அவர் வாய் மூடினார்.

"உள்ள தினமும் யாராவது இறங்கி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து தரையைப் பாக்கணும். வீட்டுல வயசானவங்கதானே இருக்கீங்க? அதனால அகலப் படியும் ரெண்டு பக்கம் கைப்பிடியும் கட்டாயம். பாசி பிடிக்காம ஓடு பதிக்கணும். இளநீலம். அழுக்கு இருந்தா பளிச்னு தெரியணும்ல?"

"தெரியணும் சார்," என்றாள் பிரேமளா. வேகவேகமாக எழுதிக்கொண்டாள்.

"கொசு?" என்றார் கிரகோரி. தன் வாயாலேயே கெடுத்துக்கொள்கிறோமோ என்று சொன்ன பிறகுதான் பயந்தார்.

"நல்ல கேள்வி. அர்ச்சுனன் கேட்டாரு. வடிகட்டி போட்டு, மோட்டார் வெச்சு, தண்ணீயைச் சுத்தவிட்டா அது தேங்கின தண்ணீ இல்லையாம். குளோரினும் போடணும். குளத்துல தண்ணீ நின்னாத்தான் அவருக்குக் கோபம். தொட்டி அவரு பிரிவே இல்ல."

"மழைக்காலத்துக்கு முன்னாடி தொட்டியைக் காலி பண்ணி வெச்சுக்கணுமா?" என்று பிரேமளா கேட்டாள்.

"எதுக்கு? காலியா இருந்தா ஒழுகுதா இல்லையான்னு நாங்க எப்படிப் பாக்கறது? எப்பவும் நிறைஞ்சே இருக்கணும்." ராஜசேகரன் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு அங்கிள். கோவிச்சுக்காதீங்க. முதல்ல தொட்டி. அது முடிஞ்ச பிறகுதான் குளத்து வேலையைத் தொடணும். அதுவரைக்கும் குளம் இல்லையேன்னு நீங்க வருத்தப்படக் கூடாது."

"குளத்தை எப்ப ஆரம்பிக்கணும்?"

"அதுக்குக் கெடு எதுவும் இல்ல. உங்க வசதி."

"மெதுவாவே ஆரம்பிக்கிறேன் தம்பி," என்றார் கிரகோரி. "வருத்தத்தைப் பொறுத்துக்கிறேன்."

இருவரும் படிக்கட்டில் வேகமாக இறங்கினார்கள். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு பிரேமளா ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரிக்கத் தொடங்கினாள். அவள் முதலில் வரைந்த அந்த இரண்டு தாளையும் எடுத்து, 'நீச்சல் குளம்' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு, 'தேக்கத் தொட்டி' என்று எழுதினாள்.

தொட்டி நிறைந்த அன்று காலை வினிஃப்ரெட் பழைய பாத்திக் சட்டையில் வந்து படியின் முன் நின்றாள். கிரகோரி முதலில் இறங்கிக் கை நீட்டினார். திருமணப் படத்தில் நீட்டியது போலவே, கொஞ்சம் பயந்து. ஒவ்வொரு படியாக அவள் இறங்கினாள். இடுப்பு, மார்பு, பிறகு கழுத்து. அங்கே நின்று, ஒரு காலைத் தூக்கி வைத்தாள். மறு காலைத் தூக்கி வைத்தாள். முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது.

"என்னங்க... வலி எங்கங்க போச்சு?"

"அது வேற பிரிவு," என்றார் கிரகோரி. அவள் தண்ணீரை அள்ளி அவர் முகத்தில் அடித்தாள்.

தினமும் நடந்தாள். விதிப்படி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். ராஜம்மாகூட வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இந்த வழியாகப் போ, அந்த வழியாகத் திரும்பு என்று மேற்பார்வை பார்த்தார்.

ஒரு நாள் அறிவிப்பில்லாமல் நான்கு வண்டிகள் வந்தன. வினிஃப்ரெட் ஆழமான கோடியில் கழுத்துவரை நின்றிருந்தாள். வெளியே வர நேரமில்லை. கிரகோரி அவளுடைய துண்டை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். தேவானந்தன் விளிம்பில் வந்து நின்று குனிந்து பார்த்தார்.

"அம்மா, என்ன செய்கிறீர்கள்?"

"தரை பாக்கறேங்க," என்றாள் வினிஃப்ரெட். பொய் சொல்லத் தெரியாதவள் அவள். உண்மையாகவே அப்போது தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேவானந்தன் நிமிர்ந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. ஒலிவாங்கி வந்தது. "பாருங்கள்! நம் எல்லைக்குள் எத்தனையோ தேக்கத் தொட்டிகள். ஒன்றிலாவது இப்படி ஒரு குடிமகள், கழுத்தளவு இறங்கி, தன் உடல்நிலையையும் பாராமல் கடமையாற்றியதுண்டா? இந்தத் தொட்டியில் இதுவரை ஒரு சொட்டு வெள்ள நீர்கூட வந்ததில்லை. எவ்வளவு சிறப்பான பராமரிப்பு!"

சிறந்த தொட்டிக்கான விருது அங்கேயே அறிவிக்கப்பட்டது. பதாகை கட்டப்பட்டது. அதிகாரிகள் விளிம்பில் வரிசையாக நின்று நெஞ்சில் கை வைத்தார்கள். நடுவில் வினிஃப்ரெட்டின் தலை மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது.

எல்லாரும் கறிபாப் பக்கம் நகர்ந்த பிறகு ராஜசேகரன் மட்டும் குந்தி உட்கார்ந்து தண்ணீரில் கை விட்டுப் பார்த்தார். இளநீல ஓட்டைப் பார்த்தார். கைப்பிடியைப் பார்த்தார். கிரகோரியை நேராகப் பார்க்கவில்லை.

"அங்கிள், எங்க அம்மாவுக்கும் முழங்கால்தான். சனிக்கிழமைல தொட்டி பாக்க இன்னொரு ஆள் வேணும்னா சொல்லுங்க."

"கூட்டிட்டு வாங்க தம்பி. பசியாறாம வாங்க, வின்னி தோசை ஊத்துவா."

"ஆனா இது குளம் இல்ல," என்றார் ராஜசேகரன் அவசரமாக.

"சத்தியமா இல்ல," என்றார் கிரகோரி.

அதற்குப் பின் ஒரு சனிக்கிழமை, சேலை எடுத்து மாட்டப்பட்டது.

மறுநாள் கோயிலில், நற்கருணை நேரம் வந்ததும் வினிஃப்ரெட் முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தடியை எடுக்கவில்லை. கிரகோரி எழப் போனார். "சும்மா இருங்க," என்று அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். வரிசை நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள். கொஞ்சம் சாய்ந்த நடைதான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையில் போகிற ஒரு பெண்ணைத் திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது?

கிரகோரி மட்டும் பார்த்தார். அவரும் போக வேண்டிய வரிசைதான் அது. ஆனால் அவரால் எழ முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அவள் முன்னால் போய்ச் சேர்ந்து, கை நீட்டி வாங்கி, சிலுவை அடையாளம் போட்டுத் திரும்பும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். வரிசையும் முடிந்துவிட்டது.

திமோத்தி பீடத்திலிருந்து பார்த்தார். வழக்கமான அதே இருக்கையில், ஒரு ஆள் எழ முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். பாவம், இவருக்கும் வந்துவிட்டதா என்று நினைத்துக்கொண்டு, மெல்லப் படியிறங்கி நடந்து வந்தார். கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

கிரகோரி உட்கார்ந்தபடியே கை நீட்டி வாங்கிக்கொண்டார்.